நெருப்பு போட்ட தீவு, பூச்சி கட்டிய தீவு

பெங்களூரு மர்பி டவுனில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் தாராவியிலோ மாதுங்காவிலோ உள்ள உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதென்றால், கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இரவு உத்யான் எக்ஸ்பிரஸ் ஏறுவது சுலபமான வழி. படுக்கையை விரிக்கும்போது ரயில் ஓடுவது லால்பாக் குன்றில் தலை காட்டுகிற அதே கருங்கல்லின் மீது. சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. மறுநாள் காலை வாடி சந்திப்பு வரும்போது காட்சி மாறிவிடும். சிமென்ட் ஆலைகள், தட்டுத் தட்டாகப் பெயர்த்தெடுத்த கற்களை அடுக்கிவைத்த களங்கள். வீடுகளில் தரைக்குப் போடும் ஷாபாத் கல் இங்கிருந்துதான் போகிறது. அது சுண்ணாம்புக் கல். ஓடும் எலும்பும் உள்ள உயிர்கள் தோன்றுவதற்கு முன்பு, ஆழமில்லாத ஒரு கடலின் அடியில் படிந்தது.

கல்புர்கி தாண்டியதும் மண் கறுக்கிறது. துவரையும் பருத்தியும் விளையும் கரிசல். அதற்கடியில் உள்ள பாறையும் கறுப்புதான். லோனாவாலா சரிவில் ரயில் இறங்கும்போது அந்தப் பாறை படிக்கட்டு படிக்கட்டாக அடுக்கப்பட்டிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு படியும் பூமியைப் பிளந்துகொண்டு வெளியே வழிந்து உறைந்த ஒரு எரிமலைக் குழம்பு.

ஆக, ஒரே டிக்கெட்டில் சுண்ணாம்பும் பார்த்தாயிற்று, எரிமலையும் பார்த்தாயிற்று. கடலுக்கு நடுவே தீவுகளைக் கட்டுகிற இரண்டு முக்கியச் சரக்குகள் இவை. சரக்கு வேறு என்பதால் தீவின் உயரம், ஆறு, கிணறு, கடற்கரை மணலின் நிறம், அங்கே பிழைக்கப் போன மனிதர் பட்ட பாடு எல்லாமே வேறாகிவிடுகின்றன. தமிழர்கள் இரண்டு வகைத் தீவிலும் வாழ்ந்து பார்த்தவர்கள்.

முதலில் கறுப்புத் தீவு. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் கொட்டிய அந்தக் குழம்பு இன்றும் மத்திய, மேற்கு இந்தியாவில் 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பை மூடியிருக்கிறது. அது வந்த இடம், பூமியின் ஆழத்திலிருந்து அளவுக்கு மீறிய சூட்டோடு பாறை மேலெழும் ஒரு வெப்பப் புள்ளி. அடுப்பு நகராமல் இருந்தது, அதன் மேல் இருந்த தோசைக்கல் நகர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவைச் சுமந்த நிலத்தட்டு வடக்கே போகப் போக, அடுப்பு அதே இடத்தில் எரிந்துகொண்டே இருந்தது. அதன் மேல் வந்த கடலடித் தரையிலெல்லாம் வரிசையாக எரிமலைகள் முளைத்தன. லட்சத்தீவுகள், மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடியில் நீளமாகக் கிடக்கும் கடலடி மலைத்தொடர் அந்த வரிசைதான். இடையில் கடலடிப் பிளவு ஒன்று அடுப்பின் மேலாகக் கடந்து போனதால், பிற்பாடு உண்டான மொரீஷியஸும் ரியூனியனும் ஆப்பிரிக்கப் பக்கத்துத் தட்டில் அமர்ந்துவிட்டன. இப்போது அடுப்பு ரியூனியனுக்கு அடியில் இருக்கிறது. அங்கே இன்னும் அணையவில்லை.

இது வெறும் ஊகமல்ல. 1987இல் ஒரு ஆய்வுக் கப்பல் மொரீஷியஸிலிருந்து கொழும்பு வரை இந்தக் கோட்டை ஒட்டிக் கடலடியைத் துளையிட்டுக்கொண்டே வந்தது. மாலத்தீவு அருகே எடுத்த எரிமலைக் கல்லுக்கு வயது சுமார் 5 கோடியே 70 லட்சம் ஆண்டுகள். சாகோஸ் அருகே 4 கோடியே 90 லட்சம். தெற்கே போகப் போகக் கல்லுக்கு வயது குறைகிறது. மொரீஷியஸுக்கு ஒரு கோடி ஆண்டு கூட ஆகவில்லை. ரியூனியன் கடலுக்கு மேல் தலைநீட்டி சுமார் 20 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன.

இந்தக் கோட்டின் இளமையான முனைக்குத்தான் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கப்பல் ஏற்றப்பட்டார்கள். மொரீஷியஸுக்கு அதற்கும் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் கைவினைஞர்களும் போயிருந்தார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் போனார்கள். ரியூனியனுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களை அங்கே 'மலபார்' என்று அழைக்கிறார்கள். அவர்கள் பூர்வீகம் மலபார் அல்ல என்பது வேறு விஷயம்.

கரும்பு ஏன் அங்கே என்று கேட்டால் பதில் பாதி அரசியல், பாதி பூகோளம். எரிமலைத் தீவு உயரமானது. ரியூனியனின் பரப்பு சுமார் 2,500 சதுர கி.மீ.தான். ஆனால் அதன் உச்சி 3,000 மீட்டருக்கு மேல். ஆனைமுடியை விட உயரம். கடல் காற்று இப்படியொரு சுவரில் மோதினால் மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுவதைத் தவிர அதற்கு வழியில்லை. 1966 ஜனவரியில், புயலின்போது, இந்தத் தீவின் மேட்டில் ஓரிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பெய்தது. உலக சாதனை. சென்னை ஒரு முழு ஆண்டில் சராசரியாகப் பெறும் மழையை விட அதிகம் இது. அத்தனை தண்ணீரும் மலையை வெட்டிக்கொண்டு இறங்குவதால் ஆறுகள், அருவிகள், சுற்றிலும் செங்குத்தாகச் சுவர் எழுப்பிய பெரும் பள்ளங்கள். கறுப்புக் கல் மழையில் இற்றுச் செம்மண்ணாகிறது. நீரும் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது.

மண்ணுக்கு மேல் கல்லும் இருக்கிறது என்பது கூலிக்காரனுக்குத்தான் தெரியும். மொரீஷியஸில் கரும்பு வயல்களுக்கு நடுவே கறுப்புக் கற்களை அடுக்கிய பெரிய குவியல்கள் இன்றும் நிற்கின்றன. ஒரு கொடி கரும்பு நடுவதற்கு முன் நிலத்திலிருந்து பொறுக்கி எடுத்த எரிமலைக் கற்கள் அவை. புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ பழைய நாகரிகத்தின் பிரமிடு என்று நினைத்துக்கொள்வதுண்டு. கையால் பொறுக்கி, தலையில் சுமந்து, கையால் அடுக்கியவர்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் போஜ்புரிக்காரர்களும் அடக்கம். அதே தீவில் மகா சிவராத்திரிக்கு லட்சக்கணக்கானோர் நடந்தே போகும் கங்கா தலாவ் ஏரி, அணைந்துபோன ஒரு எரிமலை வாயில் தேங்கிய தண்ணீர்.

ரியூனியனில் எரிமலை அணையாததால் அங்குள்ளவர்கள் அதோடு குடித்தனம் நடத்தப் பழகியிருக்கிறார்கள். 1977இல் குழம்பு கிழக்குக் கரையில் ஒரு கிராமத்துக்குள் புகுந்தது. தேவாலயத்தின் வாசல் வரை வந்து, இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய்விட்டது. 2007இல் குழம்பு கடலுக்குள் விழுந்து தீவின் பரப்பைச் சற்றே கூட்டியது. நெடுஞ்சாலை புதைந்தால் உறைந்த கல்லின் மேல் மறுபடி தார் போடுகிறார்கள்.

இந்தத் தீவின் ஒரு பக்கக் கடற்கரையில் மணல் கரிப்பொடி மாதிரி இருக்கும். மேற்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் மணல் வெள்ளை. கறுப்பு, எரிமலை பொடிந்தது. வெள்ளை, பவளம் பொடிந்தது. இங்கேதான் கதையில் இரண்டாவது கொத்தனார் நுழைகிறார்.

பவளத்தைக் கட்டுவது நெல்மணி அளவுள்ள ஒரு மென்மையான பிராணி. பூச்சி என்று கடலோரத்தில் சொல்வார்கள், பூச்சி இனம் அல்ல. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு சமைத்துப் போடுகிறது. பிராணி கடல் நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தனக்கொரு வீடு கட்டிக்கொள்கிறது. வெயில் வேண்டும் என்பதால் ஆழத்தில் வளராது, வெதுவெதுப்பான தெளிந்த நீர் இல்லாவிட்டால் வளராது. கட்டை போல வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். செத்தால் வீடு மிஞ்சும், அதன் மேல் பிள்ளைகள் கட்டும். அலையும், பவளத்தைக் கொரித்துத் தின்று மணலாகக் கழிக்கும் கிளிவாய் மீன்களும் அந்த வீட்டின் ஒரு பகுதியைப் பொடியாக்குகின்றன. அந்தப் பொடிதான் வெள்ளை மணல்.

எரிமலைத் தீவு பிறந்ததும் அதன் கரையோரம் இந்தப் பிராணி ஒட்டிக்கொள்கிறது. தீவு கிழடாகும்போது என்ன ஆகும்? சூடாக இருந்த கடலடித் தரை குளிர்ந்து சுருங்கும், தீவு தன் பாரத்தாலேயே அமிழும். மேலே மழை அரிக்கும். மலை மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்கும். பவளம் மட்டும் வெயிலைத் தேடி மேலே மேலே கட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் மலை மறைந்து, அது இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் மட்டும் மிஞ்சும். நடுவே பச்சை நிறத்தில் அமைதியான உள்கடல்.

இதைச் சொன்னவர் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கையால் கிடைத்த புகழில் இது மறந்துபோய்விட்டது. 1836 ஏப்ரலில் அவர் வந்த கப்பல் இந்தியப் பெருங்கடலில் கீலிங் என்ற வளையத் தீவில் நின்றது. அங்கிருந்து நேராக மொரீஷியஸுக்குப் போனது. மலை மறைந்துபோன தீவையும், மலை நிற்க அதைச் சுற்றிப் பவளம் வளைத்த தீவையும் ஒரே மாதத்தில் அடுத்தடுத்துப் பார்த்தார். 1842இல் புத்தகமாக எழுதினார். அவரை நம்பாதவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் வாதாடினார்கள். 1952இல் பசிபிக் கடலில் எனிவெடோக் என்ற வளையத் தீவில் துளையிட்டபோது, 1,400 மீட்டர் அளவுக்குப் பவளச் சுண்ணாம்பைக் கடந்து கீழே எரிமலைக் கல் தட்டுப்பட்டது. டார்வின் ஜெயித்தார். அமெரிக்கர்கள் அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தது அவருக்காக அல்ல. அதே ஆண்டு அங்கே ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தார்கள்.

ரியூனியனில் கரையின் ஒரு துண்டில் மட்டும் பவளம். மூத்த மொரீஷியஸைச் சுற்றி ஏறக்குறைய முழு வேலி. இன்னும் மூத்த மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் மலையே இல்லை, வேலி மட்டும்தான். எரிமலைத் தீவும் சுண்ணாம்புத் தீவும் இரண்டு ஜாதி என்று பள்ளிப் புத்தகம் கற்றுக்கொடுக்கிறது. இந்தக் கோட்டில் பார்த்தால் அவை ஒரே தீவின் வாலிபமும் முதுமையும்தான்.

முதுமையில் கஷ்டமும் கூடும். லட்சத்தீவின் 36 தீவுகளையும் சேர்த்தால் நிலம் 32 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பத்துத் தீவுகளில் மக்கள் வசிக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். பெரும்பாலான இடங்களில் தரை, கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இல்லை. மலை இல்லாததால் மேகத்தைத் தடுக்க ஆளில்லை. ஆறு இல்லை, ஓடை இல்லை. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின் மேல் மிதக்கிறது. உப்பு நீரை விட நல்ல தண்ணீர் கொஞ்சம் லேசு, அவ்வளவுதான் அதற்குப் பிடிமானம். கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இந்தக் கணக்கு திரும்பியும் வேலை செய்யும். கிணற்றில் மோட்டார் வைத்து மேலே ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். குடத்தால் சேந்திய காலத்தில் தாங்கிய கிணறு மோட்டாருக்குத் தாங்காது.

2005இல் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கவரட்டியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையம் ஒன்றை அமைத்தது. வெதுவெதுப்பான மேல்மட்டக் கடல் நீரைக் காற்று நீக்கிய தொட்டியில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்கும் முறை. அதற்கு சுமார் 350 மீட்டர் ஆழத்துக் கடல் நீர் வேண்டும். சென்னைக் கரையில் இதைச் செய்ய வேண்டுமானால் குழாயைப் பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். கவரட்டியில் கரையை விட்டுச் சில நூறு மீட்டர் போனதுமே அந்த ஆழம் வந்துவிடுகிறது. காரணம், தீவு நிற்பது மூழ்கிப்போன ஒரு எரிமலையின் தோளில். 6 கோடி ஆண்டுக்கு முந்திய நெருப்பு இப்போது குடிதண்ணீருக்கு உதவுகிறது.

எல்லா எரிமலைத் தீவும் இந்த அடுப்பில் வெந்தவை அல்ல. அந்தமானுக்குக் கிழக்கே உள்ளவை வேறு ரகம். அங்கே இந்திய நிலத்தட்டு கிழக்கேயுள்ள தட்டுக்கு அடியில் நுழைந்து போகிறது. ஈரத்தோடு போகிற கடலடிப் பாறை ஆழத்தில் அந்த ஈரத்தை விடுகிறது. ஈரம் பட்டால் மேலேயுள்ள சூடான பாறை எளிதில் உருகும். இந்தக் குழம்பு ஒட்டும் தன்மையும் வாயுவும் கூடியது, வெடித்துக் கிளம்பக்கூடியது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. தொலைவில் உள்ள பேரன் தீவு இப்படி உண்டானது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. பார்வைக்கு 350 மீட்டர் உயரக் குன்று, உண்மையில் 2,000 மீட்டருக்கும் ஆழமான கடலடியிலிருந்து எழுந்து நிற்கும் மலையின் தொப்பி. 1787 முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புகைந்தது. பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறக்கம். 1991இல் விழித்துக்கொண்டது. அதன் பின் விட்டு விட்டு வெடிக்கிறது, 2025 செப்டம்பரிலும் வெடித்தது. மனிதர் யாரும் இல்லை. எப்போதோ கொண்டுவந்து விடப்பட்ட ஆடுகளின் வாரிசுகள் திரிகின்றன.

அதற்கு வடக்கே நார்கோண்டம். எரிமலைதான், ஆனால் மனிதர் அறிய வெடித்ததில்லை. 710 மீட்டர் உயரம், 7 சதுர கி.மீ.க்கும் குறைவான பரப்பு, முழுக்கக் காடு. இந்த ஒரு குன்றை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாய்ச்சிப் பறவை இங்கே வாழ்கிறது. கடலோரக் காவல் படையின் ரேடார் நிலையத்துக்கு 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுப்புச் சொன்னது இந்தப் பறவையை முன்னிட்டு. 2014இல் முடிவு மாறியது. பேரனுக்கும் நார்கோண்டத்துக்கும் பிறப்பு ஒன்று. ஒன்றில் சாம்பல், மற்றதில் காடு. நெருப்பு ஓய்ந்து போதிய காலம் கிடைத்தால் மழையும் விதையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

சுண்ணாம்பிலும் ரகம் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அடியில் எரிமலை எதுவும் கிடையாது. பழங்கால ஆழமற்ற கடலில் படிந்த சுண்ணாம்புக் கல் கடலுக்கு மேல் வந்து நிலமானது. எனவே தட்டையான தரை, ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மழைநீர் கல்லைக் கரைத்து உள்ளே குடைந்துகொண்டு போகிறது. புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணறு, ராமன் அம்பெய்து உண்டாக்கியது என்பார்கள். சுண்ணாம்புக் குகையின் கூரை இடிந்து உண்டான பள்ளம் என்பது புவியியல். ஆழம் சுமார் 50 மீட்டர். மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு. கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊறுகிறது. நிலத்தடியில் கல் வழி திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தோட்டத்துக்குப் போட்ட உரமும் அந்த வழியாகத்தான் கிணற்றுக்குப் போகிறது. 2010களின் நடுவில் சுன்னாகம் வட்டாரக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்து ஊரே தண்ணீருக்கு அலைந்தது. எரிமலைத் தீவில் அழுக்கு ஆற்றோடு கடலுக்குப் போகும், சுண்ணாம்பு நிலத்தில் பக்கத்து வீட்டுக்குப் போகும். இப்பக்கத்தில் கடலுக்குள் தள்ளியிருக்கும் நெடுந்தீவில் வேலிக்கு மரம் கிடைப்பது கஷ்டம், ஆகவே பவளக் கல்லை அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள்.

இந்தியக் கரையில், தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். இவை மூன்றாவது ரகம். அடியில் மலையும் இல்லை, நிலம் உயர்ந்ததும் இல்லை. ஆழமற்ற கடலில் வளர்ந்த பவளப் பாரின் மேல், உடைந்த பவளச் சல்லியையும் மணலையும் அலை கொண்டுவந்து குவித்ததால் உண்டானவை. மீனவர்கள் வைத்த பெயர்களைப் பார்த்தாலே தீவின் குணம் தெரிந்துவிடும். ஒன்று நல்லதண்ணித் தீவு. வேம்பாருக்கு நேரே ஒன்று உப்புத்தண்ணித் தீவு. எந்த மணலடியில் மழைநீர் மிதக்கிறது, எதில் இல்லை என்பதைக் கடலில் போகிறவன் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது. தூத்துக்குடிக்கு நேரே காரியச்சல்லி, விலாங்குசல்லி என்று பெயரிலேயே சல்லி இருக்கிறது.

சல்லிக்கு விலையும் இருந்தது. பவளம் நல்ல சுண்ணாம்பு. சூளையில் சுட்டால் வீடு கட்டலாம், வெள்ளையடிக்கலாம், ஆலைக்கு விற்கலாம். சுடாமலும் கல்லாகப் பயன்படும். 1964 புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் கூரையில்லாமல் நிற்கும் தேவாலயத்தின் சுவர்களில் பவளக் கற்களைக் காணலாம். கடலோர ஊர்களின் பழைய கட்டடங்களிலும் உண்டு. ஒரு ஊருக்கு வீடு கட்ட எடுத்த வரை பார் தாங்கியது. பிறகு தொழிற்சாலைகளுக்காக வள்ளம் வள்ளமாக, பல பத்தாண்டுகள் எடுத்தார்கள். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கட்டுகிறவனிடமிருந்து கடப்பாரையால் பெயர்த்தார்கள். எடுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மீன் இல்லாத மாதத்தில் அடுப்பெரிய அதுதான் வழி. வாங்கியவர்களும், 1986இல் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும்தான் பதில் சொல்ல வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், பாறை கட்டும் பவளத்துக்கு இடம் கிடைத்தது 2001இல்தான். அகழ்வு ஓய 2005 ஆகிவிட்டது.

அதற்குள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. கடல் மட்டம் ஏறியதாலா என்று கேட்டால், அதற்கு முன்பே தடுப்புச் சுவரை உடைத்தாயிற்று என்பது பதில். பார் இருந்தால் பேரலை அங்கேயே நொறுங்கிக் களைத்துப் போகும். தீவின் மணலை அரிக்காது, புதிய சல்லியைக் கொண்டுவந்தும் போடும். பார் இல்லாத தீவு, வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் வீடு. தூத்துக்குடிக்கு அருகே வான் தீவு 1960களின் இறுதியில் 15 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2015 வாக்கில் சுமார் 2 ஹெக்டேர்தான் மிச்சம். லட்சத்தீவில் பங்காரம் அருகே பரளி என்ற ஆளில்லாத் திட்டு ஒன்று முழுவதும் அரிக்கப்பட்டு மறைந்துவிட்டதாக 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கே யாரும் கடப்பாரை போடவில்லை.

கடப்பாரை போடாமலே பவளம் சாகிறது. நீர் வழக்கத்தை விட ஒன்றிரண்டு டிகிரி சூடாகிச் சில வாரம் நீடித்தால், உள்ளே குடியிருக்கும் பாசியைப் பிராணி வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் வெளுக்கிறது. சமைத்துப் போட ஆளில்லாமல் பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பிழைக்கும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் இந்தியக் கடல்களில் பெரிய வெளுப்பு. 2024இல் லட்சத்தீவில் மறுபடி. இரண்டு வெளுப்புக்கு நடுவே கிடைக்கும் இடைவெளி, இழந்ததைத் திரும்பக் கட்டப் போதுமானதாக இல்லை.

இது எரிமலைத் தீவுக்கு இல்லாத கவலை. ரியூனியனைச் சுற்றியுள்ள பவளம் நாளைக்கே செத்தால் மீனவனுக்கும் ஹோட்டல்காரனுக்கும் நஷ்டம். 3,000 மீட்டர் மலை இன்னும் பல லட்சம் ஆண்டு நிற்கும். எரிமலை தன் தீவை ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகிறது. பவளம் தன் தீவைத் தினக்கூலிக்குக் கட்டுகிறது. கூலிக்காரன் படுத்தால் அன்றிலிருந்து சுவர் கரையும்.

வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் ஒரு முயற்சி நடந்தது. தமிழ்நாடு அரசும் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, துளைகள் வைத்த கான்கிரீட் கட்டிகளைத் தீவுக்கு எதிரே கடலடியில் வரிசையாக இறக்கின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. பார் செய்த வேலையைக் கான்கிரீட் செய்தது. அலை களைத்தது, அரிப்பு குறைந்து மணல் மறுபடி சேர ஆரம்பித்தது. துளைகளில் மீன் குடியேறியது. கட்டிகளின் மேல் பவளமும் ஒட்டி வளர்கிறது. இதே வேலைக்கு அடுத்து எடுத்துக்கொண்டிருப்பது காரியச்சல்லித் தீவு. கான்கிரீட் கட்டிக்கு வேண்டிய சிமென்ட்டும், வாடியில் ரயில் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மாதிரியான ஏதோ ஒரு சுண்ணாம்புக் கல் சுரங்கத்திலிருந்துதான் வரவேண்டும்.